மாப்பிள்ளைக் கட்டை மிதந்த மதியம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற இனம் நான். என் தந்தையார் தாமிரபரணிக் கரையில் ஒரு சிவாலயத்தில் ஓதுவாராக இருந்தவர். பேசப் பழகுமுன்பே பதிகம் கேட்டுப் பழகிய காது என்னுடையது. எல்லாவற்றையும் நடத்துகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று மெய்யாகவே நம்புகிறவனுக்கு, அவன் கணக்கில் வராமல் அலைகிற இன்னொன்றை நம்புவதற்கு மனத்தில் இடமே மிஞ்சாது என்பது அன்றும் இன்றும் என் கட்சி. எண்பதைத் தாண்டி, போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் மகன் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறபோதும் அந்தக் கட்சியை நான் விடவில்லை. ஆனால் ஒரே ஒரு மதியம் மட்டும் அதற்குள் அடங்க மாட்டேன் என்கிறது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. என் மகனே நம்பவில்லை. "அப்பாவுக்கு வெயில் தலையில் ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான்.

வெயில் என்று அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்டவற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் நடுநிசியையும் அமாவாசையையும் கொண்டுவருவார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு மழைகளுக்கு நடுவே சூரியன் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்த நேரம், ஊரில் பாதிப் பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில்.

முதலில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. அந்தமான் என்றதும் மெயின்லேண்டில் இருக்கிறவர்களுக்குச் சிறைச்சாலைதான் ஞாபகம் வரும். காட்டுக்கு நடுவே ஓர் ஆற்றின் வளைவில், மில்லில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உண்டு, சங்கு ஊதினால் படுத்த ஒரு தொழிற்சாலை ஊர் அறுபதுகளில் இருந்தது என்று சொன்னால் போர்ட் பிளேரிலேயே பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். இருந்தது. மத்திய அந்தமானில், மரம் அறுக்கிற மில்லைச் சுற்றி எழுந்த ஊர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்தத் தீவுகளில்தான் பிழைக்கிறார்கள்.

அந்த ஊரின் தரை மண்ணே அல்ல, மரத்தூள். சதுப்பில் மில்லின் தூளை ஆண்டாண்டாகக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு, அதன்மேல் தெரு. நடந்தால் மெத்தைபோல அமுங்கும். கோடையில் அடியில் எங்கோ கங்கு பிடித்து வாரக்கணக்கில் புகையும், நெருப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலை வைத்துச் சூடு பார்த்துத்தான் பெண்கள் துணி உலர்த்த இடம் தேடுவார்கள். மரம் இழுத்த யானைகள் கப்பலில் வந்து இறங்கியவை, பிறகு தீவுக்குத் தீவு நீந்தியே போனவை. சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டிக்குள் கிடந்த குச்சிகளில் சில எங்கள் காட்டுப் பபீதா மரத்தில் பிறந்தவை என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொன்று சொல்கிறேன். சீமையில் பிரபுக்கள் வீட்டுக் கதவுக்கும் மேஜைக்கும் போன சிவப்புப் படாக் மரம்தான் எங்கள் ஊரில் கூலிக்காரனின் சிதைக்கும் போயிற்று. அறுத்துக் கழித்த ஓரப் பலகைகளை மில்லில் இனாமாகக் கொடுப்பார்கள். இருக்கும்போது ஓலைக் குடிசையில் கிடந்தவன், போகும்போது படாக்கில் போனான்.

எல்லாவற்றையும்விட அதிசயம் அந்த ஆறு. இந்திக்காரர்கள் அதைக் காடி என்றார்கள், நாங்கள் ஆறு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் கொஞ்சம், கடலிலிருந்து ஏறுகிற தண்ணீர்தான் அதிகம். ஆகையால் அது நாளில் இரண்டு தடவை கடலை நோக்கி ஓடும், இரண்டு தடவை மலையை நோக்கி ஓடும். ஊரில் எவரும் கடிகாரத்தைப் பார்த்து ஆற்றுக்குப் போக மாட்டார்கள். தண்ணீர் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

நான் அந்த மில்லில் ரம்பப் பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டை ரம்பத்தின் பல்லைத் தீட்டி, கோணல் நிமிர்த்தி, விரிசலை ஒட்டிக் கொடுக்கிற வேலை. அந்த வேலைக்காரனுக்கு ஆங்கிலத்தில் 'சா டாக்டர்', அதாவது ரம்ப டாக்டர், என்று பெயர், ஆகவே ஊருக்கு நான் டாக்டர். உண்மையான மருத்துவத்துக்கு ஒரு கம்பவுண்டர்தான் இருந்தார். அவருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு. தெப்பத்து மேஸ்திரி சூசை, தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், தேய்ந்த ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "ஓய் டாக்டரு, உம்ம பேஷண்டு பல்லெல்லாம் கொட்டிப்போயி வந்திருக்கான், ஊசி கீசி போட்டுப் பாரும்" என்பார்.

பட்டறை வேலை போக எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஊரில் குருக்கள் இல்லை, சாஸ்திரிகள் இல்லை. எவராவது இறந்தால், தமிழரோ தெலுங்கரோ, என்னைக் கூப்பிட்டுப் பதிகம் ஓதச் சொல்வார்கள். அர்த்தம் தெரியாத வங்காளிகள்கூடத் தலையைக் குனிந்து நிற்பார்கள். தந்தையார் கோயிலில் ஓதியதை நான் மரத்தூள் மேட்டில் ஓதினேன். இரண்டும் ஒருவன் காதில்தான் விழுகிறது என்று எனக்குச் சமாதானம்.

இனித் தெப்பம். தாமிரபரணிக் கரையில் தெப்பம் என்றால் சுவாமி குளத்தில் வலம்வருவது. அங்கே தெப்பம் என்றால் காட்டில் வெட்டிய மரங்களைப் பிரம்பால் பிணைத்து, ஆற்றில் இறக்கி, லாஞ்ச் என்கிற எஞ்சின் படகில் கட்டி இழுத்துவருவது. எல்லா மரமும் மிதக்காது. பபீதா தக்கைபோல மிதக்கும். புல்லட் மரம் என்று ஒன்று உண்டு, இரும்பு மாதிரி, தண்ணீரில் விட்டால் விட்ட இடத்திலேயே அடிக்குப் போய்விடும். அதைக் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு பக்கமும் பபீதாக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். இரண்டு தோழர்கள் கையைப் பிடித்து நடத்தி வருவதால் மூழ்குகிற கட்டைக்குத் தெப்பத்துக்காரர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளைக் கட்டை.

சுடலைமணி அந்தத் தெப்பத்தில் வேலை செய்தவன். சாத்தூர்ப் பக்கம். இடக்கைக்காரன். மற்றவர்கள் பிரம்பை ஒரு பக்கமாக முறுக்கி முடிந்தால், அவன் முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். சூசை மேஸ்திரி கரையில் நின்றபடியே, எந்தப் பிணைப்பு அவன் போட்டது என்று சொல்லிவிடுவார். அவன் மனைவி பேச்சியம்மாள் ஊரில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிக் கப்பலேறி வந்து, அந்தக் குச்சி எந்த மரத்திலிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தேன்" என்று சிரித்தவள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆகையால் அவர்கள் பேச்சு எங்கள் வீட்டுக்குக் கேட்கும். "நான் மாப்பிள்ளைக் கட்டைடி, நீ பிடிக்கலேன்னா நேரா பாதாளந்தான்" என்பான். "ஆமா, பிடிச்சுப் பிடிச்சு என் தோள்பட்டைதான் தேஞ்சு போச்சு" என்பாள் அவள். குழந்தை இல்லை. அந்த வீட்டில் கேட்ட சத்தமெல்லாம் இவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில், தண்ணீர் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த வேளையில், தெப்பம் வளைவுக்குக் கீழே அறுந்தது. மலையில் பெய்த மழைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மற்றவர்கள் லாஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். சுடலைமணியைக் காணவில்லை.

சூசையும் ஆட்களும் கீழே கடல்வாய்வரை தேடினார்கள். சிதறிய பபீதாக் கட்டைகள் அங்கேதான் அகப்பட்டன, ஆகையால் அவனும் அந்தப் பக்கம்தான் போயிருப்பான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாளாக ஆகச் சூசை மேஸ்திரி பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒரு தடவை என்னிடம் மட்டும், பேச்சியின் காதில் விழாதபடி, "முதலை இருக்க ஆறு, டாக்டரு" என்றார்.

பேச்சி தினமும் படகுகள் வந்து கட்டுகிற ஜெட்டித் துறையில் போய் உட்கார்ந்தாள். போர்ட் பிளேரில் கட்டட வேலையிலிருந்த அவள் அண்ணன் முத்தையா தகவல் கேட்டு வந்து சேர்ந்தான். தங்கையை ஊருக்கு அழைத்துப்போவதற்காக வந்தவன். மெட்ராஸ் கப்பல் சில நாளில் கிளம்பவிருந்தது, அதை விட்டால் அடுத்தது எப்போதென்று எவருக்கும் நிச்சயமில்லாத பருவம். ஆனால் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒரு பெண்ணை எந்தக் கோலத்தில் ஊருக்குக் கூட்டிப்போவது என்பது அவன் கவலை. அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். இரவெல்லாம் அவன் அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

தெப்பத்துக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்காதவனுக்காக, அவன் உயரத்துக்கு ஒரு மாப்பிள்ளைக் கட்டையை அறுத்து, மஞ்சள் பூசி, அவன் வேட்டியைச் சுற்றி, மனைவி தன் தாலிக்கயிற்றை அவிழ்த்து அதில் கட்டிவிடுவாள். தண்ணீர் இறங்குகிற நேரம் பார்த்து ஜெட்டியிலிருந்து தள்ளுவார்கள். கட்டை உடனே அடிக்குப் போய்விடும். அதுதான் அடக்கம், அதோடு எல்லாம் முடிந்தது. சாத்திரத்தில் இப்படி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். தர்ப்பையில் உருவம் செய்யத் தெரிந்தவர் இல்லாத ஊரில், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று கலந்து வேலை செய்த ஆட்கள் தங்கள் கையிலிருந்ததை வைத்துச் செய்துகொண்ட ஏற்பாடு.

பேச்சி சம்மதிக்கவில்லை. முத்தையா கெஞ்சினான், அதட்டினான், கடைசியில் என்னைக் கூப்பிட்டான். ஓதுகிறவன் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே என்னிடம் சொன்னாள்.

"மொகத்தப் பாக்காம எப்படி அண்ணாச்சி அனுப்புவேன்? நான் முடிச்சு அவுத்த பொறவு அவுக வந்து வாசல்ல நின்னா, யாருன்னு கேப்பேன்?"

முத்தையாதான் மெல்லச் சொன்னான். "கப்பல் போயிட்டா இந்த ஆத்தப் பாத்துக்கிட்டே நீயும் போயிருவ பேச்சி. எனக்கு நீ ஒருத்திதான இருக்க." அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடவில்லை. கட்டையை அறுத்த ரம்பத்துக்கு நான்தான் பல் தீட்டிக் கொடுத்தேன், அறுக்கும்போது பக்கத்திலும் நின்றேன். இரண்டு முனையையும் கண்ணால் பார்த்தேன். பொந்து இல்லை, உளுப்பு இல்லை, நடுவரை கறுஞ்சிவப்பாக இறுகிய மரம். இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். கட்டையை ஜெட்டிக்குத் தூக்கிவர வழக்கத்தைவிட அதிகம் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

வெயில் பளீரென்று அடித்தது. தண்ணீர் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஜெட்டித் தூணில் மோதிச் சுழித்த சருகுகள் எல்லாம் கீழ்ப்பக்கம்தான் போயின. நான் ஓதத் தொடங்கினேன். சூசை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பேச்சி குனிந்து, கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, கட்டையின்மேல் கவிழ்ந்தாள். முந்தானை மறைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பெண்கள் வந்து தூக்கி நிறுத்தினார்கள். ஆட்கள் கட்டையைத் தள்ளினார்கள்.

தண்ணீர் தெறித்தது. கட்டை உள்ளே போயிற்று. வழக்கப்படி எல்லாரும் முதுகைத் திருப்பினோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. பேச்சி மட்டும் திரும்பவில்லை.

"அண்ணாச்சி" என்றாள். கூச்சல் போடவில்லை. பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரல்தான்.

நான் திரும்பினேன். கட்டை மேலே வந்திருந்தது.

ஓதிக்கொண்டிருந்த பாட்டின் அடுத்த அடி எனக்கு மறந்துபோயிற்று. ஐந்து வயதிலிருந்து அன்றுவரை அப்படி ஒரு தடவையும் நடந்ததில்லை. கட்டை தண்ணீரில் நீளவாக்கில் படுத்திருந்தது, முதுகு மட்டும் வெளியே தெரிந்தது, வேட்டி நனைந்து ஒட்டியிருந்தது, மேல்முனைக்குக் கொஞ்சம் கீழே மஞ்சள் கயிறு வெயிலில் மின்னியது. கரையில் நின்றவர்கள் தெப்பத்திலேயே ஆயுளைக் கழித்த ஆட்கள், எது மிதக்கும், எது மிதக்காது என்பது அவர்களுக்குத் தங்கள் பெயரைப்போல. அவர்களில் ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் அந்தக் கட்டை மெல்ல முனையைத் திருப்பியது. நம்புங்கள், நம்பாமல் போங்கள். கீழே இறங்குகிற தண்ணீருக்கு எதிராக, மேலே, மலைப்பக்கமாக நகரத் தொடங்கியது. அதன் பக்கத்திலேயே ஒரு பபீதா இலை கீழ்நோக்கிப் போனதை நான் பார்த்தேன்.

கரையோரத்தில் எதிர்ச்சுழி ஓடுவது உண்டு, அது இழுத்திருக்கும் என்று என் மகன் சொன்னான். இருக்கலாம். அன்று நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பேச்சி கரையோடு நடந்தாள். முத்தையா கையைப் பிடித்தான், உதறிவிட்டாள். அவளை விட்டால் சேற்றில் இறங்கிவிடுவாள் என்று பயந்து, அவள் பின்னால் அவனும் போனான். சூசை என் தோளைத் தொட்டார். ஹரிபதா என்கிற வங்காளி மீன்காரரின் டோங்கி ஜெட்டியில் கட்டிக் கிடந்தது. நாங்கள் இருவரும் ஏறினோம், அவர் துடுப்புப் போட்டார். மழைத் தண்ணீர் கலங்கி ஆறு முழுக்கப் பழுப்பு. கட்டையும் பழுப்பு. ஒதுங்கி மிதக்கிற குப்பையும் கிளையும் பழுப்பு. எத்தனையோ இடத்தில் கட்டையைத் தவறவிட்டிருப்போம், அந்தக் கயிறு மட்டும் இல்லாவிட்டால். ஹரிபதா திரும்பித் திரும்பிப் பார்த்து, "ஓ பீலா தாகா தேக்தே ரஹோ, தாதா" என்றார். அந்த மஞ்சள் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்றார். எடுக்கவில்லை. மூன்று பேரும் எடுக்கவில்லை.

மில்லைத் தாண்டி, குவார்ட்டர்ஸைத் தாண்டி, சேற்றில் வேர் பின்னி நிற்கிற கண்டல் காடு அடர்ந்த இடத்தில் ஆற்றுக்கு ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே எவரும் தேடவில்லை. கீழே போனவனை மேலே ஏன் தேட வேண்டும்? கட்டை அந்தக் கிளையின் வாயில் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றிருக்கும். பிறகு மூழ்கியது. மாப்பிள்ளைக் கட்டை எப்படி மூழ்க வேண்டுமோ அப்படி, நேராக.

சுடலைமணி அங்கேதான் இருந்தான். கண்டல் வேர்களுக்கு நடுவே, மல்லாந்து, கழுத்துவரை சேறு மூடி. தெப்பம் அறுந்தபின் தண்ணீர் மறுபடி ஏறியபோது அவனை மேலே தூக்கிவந்து அங்கே செருகிவிட்டுப் போயிருக்க வேண்டும். அதில் அமானுஷ்யம் ஏதும் இல்லை, இரண்டு பக்கமும் ஓடுகிற ஆறு. கண்டல் சேற்று நண்டுகள் பிணத்தை என்ன செய்யும் என்பது தெப்பத்துக்காரர்களுக்குத் தெரியும். சூசை முதலில் தன் துண்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனார், பேச்சி வருவதற்குள் முகத்தை மூடிவிட. மூடவில்லை. துண்டைத் தோளில் திரும்பப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிறவன் மாதிரி என்று எழுதினால் மிகையாகும். இறந்தவன் முகம்தான். ஆனால் அவன் முகம்.

பேச்சி முழங்கால்வரை சேற்றில் வந்தாள். தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி அவன் முகத்தைக் கழுவினாள். ஏதோ சொன்னாள், தாழ்ந்த குரலில், வெகுநேரம். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் அல்ல.

அவனை வேர்களிலிருந்து எடுக்கையில் வலது மணிக்கட்டில் சேறு கட்டியாக இறுகி ஒட்டியிருந்தது. சூசை அதைத் தட்டினார், உடைந்து விழுந்தது. உள்ளே மஞ்சள் கயிறு இருந்தது.

அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது அவன் முடிச்சு டாக்டரு. இடக்கை முறுக்கு. இருட்டுல தடவிப் பாத்தாலும் எனக்குத் தெரியும்." வலது கையில், இடது கையால் தானே போட்டுக்கொண்ட முடிச்சு. நாங்கள் துரத்திவந்த கயிறு கட்டையோடு எங்கள் கண்முன்னால்தான் மூழ்கியது. அது மூழ்கிய இடத்துக்கும் இவன் கிடந்த இடத்துக்கும் நடுவே ஒரு டோங்கி நீளம் சேறு. இறுகிய சேற்றுக்கு அடியில் எப்படி வந்தது? வேறு ஏதாவது பழைய கயிறாக இருக்கும், ஊரில் வேண்டுதலுக்குக் கட்டியிருப்பான் என்று முத்தையா சொன்னான். பேச்சி மட்டும் ஆச்சரியப்படவில்லை. கயிற்றைக் கழற்றப் போனவர்களைத் தடுத்து, "அது அவுகளுக்கு" என்றாள்.

மறுநாள் காலை, கம்பவுண்டர் பார்த்தபின், படாக் பலகையில் அவனை வைத்தோம். நான் முந்தின நாள் மறந்த அடியிலிருந்து ஓதி முடித்தேன். மழை பொறுத்துக்கொண்டது. சாம்பலானபின்தான் பெய்தது. அந்த வாரத்துக் கப்பலில் பேச்சி அண்ணனோடு போனாள்.

அதன்பின் அந்த ஊர் மனிதர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நானும் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன். அந்தக் கிளையின் வாயில் கட்டையைக் கொக்கி போட்டுத் தேடியதாகவும் அகப்படவில்லை என்றும் சூசை எழுதியிருந்தார். பொந்தாக இருந்தால்தானே மிதந்திருக்கும், வெட்டிப் பார்த்துவிடலாம் என்று அவருக்கும் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது.

வெகு காலத்துக்குப் பிறகு, போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில், மீன் வாங்கிக்கொண்டு கராச்சர்மா பஸ்ஸுக்கு நின்றபோது, யாரோ "அண்ணாச்சி" என்றார்கள். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பேச்சிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஊரில் இருக்க முடியவில்லையாம். அங்கே எல்லாரும் பரிதாபப்பட்டார்களாம், இங்கே அப்படியில்லையே என்று திரும்பி வந்துவிட்டாளாம். ஷாதிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல். நல்லபடியாக இருப்பதாகச் சொன்னாள். சூசை காலமானதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் அந்த ஊரின் சங்கைப் பற்றியும் புகைகிற தரையைப் பற்றியும் பேசினோம். பஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அவனைக் கண்டெடுத்தபோது கயிற்றைப் பார்த்து நீ ஏனம்மா திகைக்கவில்லை என்று கேட்டேன்.

தன் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அந்தக் கட்டையில கயிறு கட்டல அண்ணாச்சி."

நாங்கள் எல்லாரும் பார்த்தோமே என்றேன்.

"கழத்துனேன். கட்ட மனசு வரல. முந்தானையால மறைச்சுக்கிட்டுச் சும்மா குனிஞ்சு கெடந்துட்டு எந்திரிச்சேன். கைக்குள்ளயே வச்சிருந்தேன். கரையோட நடந்து வாரப்பவும் கைக்குள்ளதான் இறுக்கிப் பிடிச்சிருந்தேன், நகம் பதிஞ்சிருந்துச்சு. அவுக மொகத்தக் கழுவணும்னுதான் கையத் தெறந்தேன். உள்ளங்கையில மஞ்சக் கறைதான் இருந்துச்சு."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கராச்சர்மா, கராச்சர்மா என்று கூவினான்.

"நான் குடுக்கல" என்றாள் பேச்சி. "அவுகளே எடுத்துக்கிட்டாக." சொல்லிவிட்டு, வயதான பெண்கள் சிரிப்பதுபோல உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அதில் பயம் இல்லை, குறை இல்லை. முகத்தைக் காட்டிவிட்டு, முடிச்சைத் தானே வாங்கிக்கொண்டு போன மனிதர்மேல் அவளுக்கு என்ன குறை இருக்க முடியும்?

அவள் கணக்கு அங்கே முடிந்துவிட்டது. என் கணக்கு முடியவில்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. இருந்தாலும் துக்கத்தில் ஞாபகம் பிசகியிருக்கலாம் என்று எனக்கு நானே பலமுறை வாதாடிப் பார்த்துவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு வீட்டுப் பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறபோது, ஏதாவது சாக்குச் சொல்லி நான் வெளியே வந்து நின்றுவிடுவேன். மருமகள் அதைத் தாத்தாவின் மடி ஆசாரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். நான் அங்கே நின்றுகொண்டு நினைப்பது ஒன்றுதான். கயிறு அவள் கைக்குள் இருந்தது என்றால், அந்தப் பட்டப்பகலில், அந்தப் பழுப்புத் தண்ணீரில், சூசையும் ஹரிபதாவும் நானும் கண்ணை எடுக்காமல் பின்தொடர்ந்து போனோமே, அந்த மஞ்சள் எது?